நவீன ஆங்கில மோனைச் செய்யுளும் கிறித்தவக் கவிஞரும்

பழைய ஆங்கிலக் கவிதையின் அடியைக் கட்டியது இயைபுத்தொடை அல்ல, மோனை. அந்த யாப்பை 20ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்தவர்களுள் முதன்மையான மூவர் கிறித்தவ நம்பிக்கையாளர்கள்: கத்தோலிக்கரான ஜே.ஆர்.ஆர். டோல்கியன், ஆங்கிலிக்கர்களான சி.எஸ். லூயிஸ், டபிள்யூ.எச். ஆடன்.

ஒவ்வோர் அடியும் நடுவே ஓர் இடைநிறுத்தத்தால் இரண்டாகப் பிரியும். பாதிக்கு இரண்டு அழுத்தங்கள். மூன்றாம் அழுத்தத்தின் முதல் ஒலியே அடியை ஆளும். முன்பாதியின் ஓர் அழுத்தமாவது அதனோடு ஒன்ற வேண்டும்; நான்காவது ஒன்றக் கூடாது. உயிரொலிகள் எல்லாம் தமக்குள் மோனையாகும். அசை எண்ணிக்கைக்குக் கட்டுப்படாததால் பேச்சின் வேகம் அப்படியே பாட்டில் இறங்குகிறது. இதுவே இவ்வடிவின் பெரும் வலிமை.

லூயிஸ் 1935இல் இவ்விதிகளை விளக்கிக் கட்டுரை எழுதினார். இடைக்கால வானியலின் ஏழு கோள்களைப் பாடும் கவிதையை அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்தார். டோல்கியனின் 'ஆர்தரின் வீழ்ச்சி' முற்றுப்பெறாமல் நின்று, அவர் மறைவுக்குப் பின் 2013இல் அச்சேறியது. ஆக்ஸ்ஃபோர்டில் அவரது பழைய ஆங்கில விரிவுரையில் மனம் பறிகொடுத்த மாணவர் ஆடன். நியூயார்க் மதுக்கூடத்தில் சந்திக்கும் நால்வரின் மனக்கலக்கத்தை இவ்யாப்பில் வடித்த அவருடைய 'பதற்றத்தின் காலம்' 1947இல் வெளிவந்து, 1948இல் புலிட்சர் பரிசு பெற்றது. வீரயுகத்துக்கு உரியதாகக் கருதப்பட்ட யாப்பு நகர வாழ்வையும் தாங்கும் என்று நிறுவிய படைப்பு இது. 1967இல் ஆடனைப் போற்றி டோல்கியன் பழைய ஆங்கிலத்திலேயே ஒரு மோனைப்பா எழுதினார்.