பயறும் பயற்றங்காயும்

பயறு என்னும் சொல் தென்மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான பழஞ்சொற்களுள் ஒன்று. தெலுங்கர் பெசலு என்பதும், கன்னடர் ஹெசரு என்பதும் இதன் உருவபேதங்களே. சகரமும் யகரமும் தம்முள் மாறி வருவதையும், கன்னடத்தில் மொழிமுதற் பகரம் ஹகரமாவதையும் மொழிநூலார் நன்கறிவர். ஆந்திரரின் பெசரட்டில் நாம் சுவைப்பது நம் பயற்றையே. அடைமொழியின்றி நிற்கையில் இச்சொல் இம்மூன்று மொழிகளிலும் சிறப்பாக உணர்த்துவது பாசிப்பயற்றை. அது இப்பாரத பூமியிலேயே பயிராகப் பண்படுத்தப்பெற்ற தானியம். காராமணியோ ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, புராதன காலத்திலேயே கடல் கடந்து நம் வயல்களைச் சேர்ந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த காய் மிளகின் பெயரைக் கொண்டே மிளகாய் ஆனவாறு, இவ்வந்தேறிப் பயிரும் முன்னிருந்ததன் பெயரையே ஓர் அடையுடன் பெற்றது என்று கொள்வது இயல்பு.

அவ்வடை யாதென அறியச் சங்க நூல் ஒன்று துணை செய்கிறது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில், கெடிற்று மீனைக் கொண்டுவந்து சொரிந்த பாண்மகளின் அகன்ற வட்டியை, மனைக்கிழத்தி பெரும்பயற்றால் நிறைத்து அனுப்புகிறாள். அப்பயறு நெல்லரிந்த தாள் நிற்கும் நிலமாகிய அரிகாலில் விளைந்தது என்பதையும் புலவர் கூறாமல் விடவில்லை. நெல்லின் ஈரம் எஞ்சிய நிலத்தில் பயறு விதைக்கும் அம்முறை இன்றும் காவிரிப் படுகையில் வழங்குகிறது. சிறுபயறு என்ற ஒன்று எதிரே நின்றாலன்றிப் பெரும்பயறு என்னும் பெயர் பிறக்கக் காரணமில்லை. குமரி நாட்டார் பாசிப்பயற்றைச் சிறுபயறு என்றும் காராமணியைப் பெரும்பயறு என்றும் இன்றளவும் பிரித்தே வழங்குகின்றனர். மலையாளத்தில் பின்னது வன்பயறு ஆயிற்று.

மற்றை வட்டாரங்கள் அளவை விட்டு வடிவையும் வண்ணத்தையும் நோக்கின. கொங்கு நாட்டார் தட்டையான விதை கண்டு தட்டைப்பயறு என, பேச்சில் அது தட்டப்பயறு ஆயிற்று. காராமணியில் உள்ள கார் கருமையையும் உணர்த்தும், மழைப்பருவத்தையும் உணர்த்தும்; வெண்மணியின் வயிற்றுப்புறத்தே கருங்கண் உடையதாய், மானாவாரி நிலத்தில் மழையை நம்பி விளையும் இப்பயற்றுக்கு இரு பொருளும் ஒவ்வும். ஈழத்திலோ ஆங்கிலப் பெயரே கௌபி எனத் தமிழாயிற்று.

இத்தனை அடைகளைச் சுமந்த இப்பயிர், காயளவில் மட்டும் அடையற்ற பழம்பெயரைத் தனதாக்கிக்கொண்டது விநோதம். பயற்றங்காய் என்றால் பாசிப்பயற்றின் காயன்று, இதன் பசுங்காயே. யாழ்ப்பாணத்தார் பயிற்றங்காய் என்பதும், நம் இல்லங்களில் பயத்தங்காய் என்பதும் அதுவே. காரணத்தை அறுவடையில் காணலாம். ஒரே செடியில் ஊதாப் பூவும், பிஞ்சும், முற்றலும், வைக்கோல் நிறமேறிய நெற்றும் ஒருங்கே நிற்கும். நீண்ட காம்பின் நுனியில் பெரும்பாலும் இரண்டிரண்டாய்க் காய்கள் தொங்கும். நெற்று வெயிலேறினால் வெடித்து மணிகளைச் சிதறுமாதலால், பனியீரம் புலருமுன் அதைப் பறித்து மடியில் சேர்த்து, களத்தில் உலர்த்திக் கோலால் அடித்து முறத்தில் புடைப்பர். முற்றாத காய்களை மறுபறிப்புக்கு விடுவர், அல்லது அன்றைய கறிக்கு ஆய்ந்துகொள்வர். பாசிப்பயறும் பல முறை பறிக்கப்படுவதேயாயினும், அதன் காய் சிறுத்து, மெல்லிய மயிர் போர்த்திருப்பதால் கறிக்கு ஆகாது. காய் என்ற நிலையில் பிரித்துக்காட்ட வேறொன்று இல்லாமையால் அடைமொழிக்கும் வேலையில்லாது போயிற்று.

காரடையான் நோன்பன்று அடையில் இடும் காராமணியும், மறுநாள் பொரியலுக்கு நறுக்கும் பயத்தங்காயும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதை எண்ணாமலே நம் மகளிர் இரு பெயர்களையும் பிழையின்றி ஆள்கின்றனர். ஒரு பயிரின் பெயர்களை ஆராயப் புகுவோர், அதன் விதையை மட்டுமன்றி, எந்தப் பருவத்தில் எதற்காக அது பறிக்கப்படுகிறது என்பதையும் வயலில் இறங்கி நோக்குதல் வேண்டும்.