நீர்மேல் எழுந்த ஊர்கள்: ஒரு வரலாற்று நோக்கு

கிராண்ட்பாஸ் என்னும் பெயர் பெருந்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரின் வழிவந்தது. களனி கங்கையைக் கடந்து வடக்கே நீர்கொழும்புக்கும் கிழக்கே கண்டிக்கும் செல்வோர் ஓடமேறிய இடம் இது. 1822இல் இங்குப் படகுகளைப் பிணைத்து ஒரு பாலம் அமைக்கப்பட்டது. 1895இல் விக்டோரியாப் பாலம் அதன் இடத்தைப் பெற்றது. எனவே, இவ்வூரின் பழைய வரலாற்றை நீரைக் கடந்த வரலாறு எனலாம். ஆயின், நீரைக் கடவாது அதன் மேலேயே கால்நட்டு, வீடமைத்து, மீன்பிடித்து வாழ்ந்த மக்களும் உலகில் உளர். அவர்கள் ஏன் அவ்வாறு வாழத் தலைப்பட்டனர், அவர்தம் வரலாற்றை நாம் எங்ஙனம் அறிகின்றோம் என்னும் இரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமக்கு ஓரளவு அண்மையிலுள்ள சான்று மலேசியாவின் கெத்தாம் தீவாகும். 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயருடன் திறக்கப்பட்டு, 1972 முதல் கிளாங் துறைமுகம் என வழங்குவது, மலாயாப் புகையிரதப் பகுதியிற் பணியாற்றச் சென்ற யாழ்ப்பாணத்தவர் பலர் நன்கறிந்த துறைமுகம். அங்கிருந்து படகேறிச் செல்வோர் முதலிற் காண்பது கண்டற்காட்டையே. காடு விலகியதும், சேற்றில் ஊன்றிய கால்களின் மீது வரிசை வரிசையாக வீடுகள் தோன்றும். கெத்தாம் என்னும் மலாய்ச் சொல் நண்டைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நண்டும் மீனும் பிடிக்க வந்த சீன மீனவர் இங்குக் குடியேறினர். வீடு மட்டுமன்றிக் கடை, கோயில், பாடசாலை ஆகிய யாவும் கால்களின் மேலேயே நிற்கின்றன. தெருவென்பது வீடுகளை இணைக்கும் மேடைப்பாதை. முன்னர்ப் பலகையால் ஆகிய அப்பாதைகள் பின்னர்ப் பெரும்பாலும் கொங்கிறீற்றால் அமைந்தன. மோட்டார் வாகனம் செல்லவியலாத அவ்வூரில் துவிச்சக்கர வண்டியே நெடுங்காலம் முதன்மையான ஊர்தியாக விளங்கிற்று.

நமது கரையோரத்தில் இத்தகைய ஊர்கள் தோன்றாமைக்குக் காரணம் யாது? இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. மணற்கரையில் வள்ளத்தை இழுத்தேற்றி, அதன் அருகே குடிசை அமைத்தல் நம் மீனவர்க்கு எளிது. கிளாங் கரையிலோ பெருவெள்ள நாள்களில் அவ்வேறுபாடு 4 மீற்றர் அளவினதாகும். அங்குக் கரை மணலன்று. காலை உள்ளிழுக்கும் சேறு. வள்ளத்தைக் கரைக்கு ஏற்ற இயலாதவிடத்து வீட்டையே வள்ளத்தின் அருகே கொண்டுசெல்லல் வேண்டும். பெருக்கின்போது வீட்டுப் படியிலேயே படகு வந்து நிற்கும். காலிக்கும் வெலிகமைக்கும் இடையே கடலில் நட்ட கம்புகளில் அமர்ந்து தூண்டிலிடுவோரை நாம் அறிவோம். ஆயின், அக்கம்பு தொழிலுக்குரிய இருக்கையேயன்றி வாழ்வுக்குரிய இல்லமன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

எனினும், புவியியல் மாத்திரமே இதற்கு முழு விடையாகாது. கிரேக்க வரலாற்றாசிரியரான ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில், பிரசியாஸ் என்னும் ஏரியில் வாழ்ந்தோரைப் பற்றி எழுதியுள்ளார். உயர்ந்த மரக்கால்களின் மீது மேடை. கரையிலிருந்து அதனை அடைய ஒடுங்கிய ஒரே பாலம். ஒவ்வொரு குடிசையிலும் ஏரியை நோக்கித் திறக்கும் தளக்கதவு. குழந்தைகள் நீரில் வீழாதவாறு அவர்தம் காலிற் கயிறு கட்டுவர் என்றும், மணம் புரியும் ஆடவன் மனைவி ஒருத்திக்கு மூன்று கால்கள் வீதம் மலையிலிருந்து கொணர்ந்து நட வேண்டும் என்றும் அவர் கூறுகின்றார். இவ்வளவு நுணுக்கமான செய்திகளுக்கிடையே இன்னொரு செய்தியும் உண்டு. பாரசீகப் பேரரசன் தாரியஸின் தளபதி மெகபாசஸ், அப்பகுதியின் பேயோனிய மக்களுட் பலரை ஆசியாவுக்குப் பெயர்த்துச் சென்றபோது, ஏரியில் வாழ்ந்தோரை அடக்க முடியவில்லை. அந்த ஒடுங்கிய பாலத்தின் பொருள் இப்போது நமக்கு விளங்குகின்றது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது மேற்கு ஆபிரிக்காவின் பெனின் நாட்டிலுள்ள கன்வியே. தகோமி அரசின் அடிமை வேட்டைக்கு அஞ்சிய தொஃபினு மக்கள் நொக்குவே ஏரியிற் புகலடைந்து இவ்வூரை அமைத்தனர் என்பது மரபு. நீரிற் புகுந்து தாக்குதல் பகைவரின் சமயத் தடைக்குட்பட்டிருந்தது என்றும் அம்மரபு கூறும். மீன்வளம் இம்மக்களுக்கு உணவளித்தது, நீரோ உயிரளித்தது. வரைபடத்தில் வெறும் நீலமாகத் தோன்றும் பரப்பு, நிலத்தில் இடமற்றோர்க்குக் கோட்டையாக அமைந்தது.

ஆயின், நீர்மேல் வாழ்வோர் அனைவரும் ஏதிலிகளே என முடிவு செய்தலும் தவறாகும். மகெல்லனின் கப்பற்குழுவைச் சேர்ந்த அந்தோனியோ பிகஃபெத்தா 1521இல் புருணைக்குச் சென்றார். அரசன், பிரதானிகள் சிலர் ஆகியோரின் மனைகள் தவிர நகர் முழுவதும் உவர்நீரில் மரத்தூண்களின் மேல் நின்றதாகவும், அதில் 25,000 அடுப்புகள் இருந்ததாகவும், பெருக்கின்போது பெண்கள் படகிற் சென்று பண்டங்கள் விற்றதாகவும் அவர் எழுதினார். அவ்வெண் மிகையாகவும் இருக்கலாம். ஆனால் அது விளிம்புநிலைச் சிற்றூரன்று, வணிகத் தலைநகர் என்பதில் ஐயமில்லை. 1906இல் பிரித்தானிய வதிவாளர் ஆட்சி ஏற்பட்டபின் அம்மக்களைக் கரையிற் குடியேறுமாறு தூண்டும் கொள்கை பின்பற்றப்பட்டது. நிலத்தை அளந்து, எல்லையிட்டு, வரி விதிக்கும் ஆட்சிமுறைக்கு நீர்மேல் நிற்கும் வீடு எப்போதும் ஒரு வினாவாகவே அமைந்துள்ளது.

இங்குச் சான்றுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. 1853-54 குளிர்காலத்தில் சூரிச் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது ஓபர்மைலென் என்னுமிடத்தில் பழைய மரக்கால்கள் வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்த பேர்டினாண்ட் கெல்லர், ஏரியின் நடுவே பெருமேடைகளின் மேல் ஊர்கள் நின்றன என முடிவு செய்தார். தொலைதேசத்து நீர்மேல் ஊர்களைப் பற்றிய பயணிகளின் வருணனைகள் அம்முடிவுக்குத் துணைநின்றன. 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுகளோ, அவற்றுட் பல ஏரியின் நடுவிலன்றி, நீர்மட்டம் ஏறி இறங்கும் ஈரக்கரையிலேயே இருந்தன எனக் காட்டின. ஓரிடத்துக் காட்சியை மற்றோரிடத்துக்கு அவ்வாறே பொருத்துதல் ஆய்வாகாது. ஹெரோடோட்டஸும் பிகஃபெத்தாவும் புறத்தார். அவர்களின் நூல்களின்றி நாம் இவ்வளவும் அறிந்திரோம். ஆனால் தளக்கதவின் அருகே அமர்ந்து மீன் அரிந்த பெண்ணின் சொல் அவற்றில் இல்லை.

கெத்தாம் தீவிலும் இன்று மாற்றம் நிகழ்கின்றது. கூண்டுகளில் மீன்வளர்த்தலும் சுற்றுலாவும் பழைய தொழிலோடு கைகோத்துள்ளன. இளையோர் கல்வியும் வேலையும் நாடிப் பெருநிலத்துக்குச் செல்கின்றனர். மரக்கால் நெடுங்காலம் நில்லாது. உளுத்ததை அகற்றிப் புதியதை நடுவதற்கு ஆள் வேண்டும். நடுவோர் இல்லாதொழியின் ஊர் மட்டுமன்று, அதன் வரலாறும் சேற்றில் அமிழும்.

இதனால் நாம் பெறும் பாடம் தொலைவிலுள்ள ஊர்களைப் பற்றியது மட்டுமன்று. களனி கங்கையின் வெள்ளத்தை அளக்கும் கோல் கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில் உள்ளது. 1947, 1989, 2016 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் ஆறு உயர்ந்த அளவை நாம் ஏடுகளிற் காணலாம். அவ்வளவு, நீர் வீட்டினுள் வந்த இரவில் யார் எங்கே சென்றனர், எதனை முதலில் எடுத்தனர், திரும்பி வந்து எதன்மேல் மீண்டும் வீடமைத்தனர் என்பதைக் கூறாது. ஆற்றோரத்திலும் முகத்துவாரத்து மீனவர் குடியிருப்புகளிலும் அதனைக் கூறவல்ல முதியோர் உளர். வரலாறு பயிலும் மாணவர் ஏட்டையும் கோலையும் படித்தபின், அவர்களிடமும் சென்று கேட்டு எழுதுதல் வேண்டும். நீரோரத்து மக்களின் வரலாற்றை ஊன்றி நிறுத்தும் கால்கள் அத்தகைய வாய்மொழிகளே.