வெளியேறும் வழி: பெர்லின் விமான நிலையங்களும் அவற்றின் பயணிகளும்

பெர்லினின் விமான நிலையங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கதைகளைச் சொல்கிறார்கள். ஒன்று, 1948–49இல் முற்றுகையிடப்பட்ட நகரைக் காத்த வான்வழிப் பாலம். மற்றொன்று, திட்டமிட்டதற்கு ஒன்பது ஆண்டுகள் பிந்தி 2020இல் திறந்த புதிய விமான நிலையம். முன்னது வீரக் கதை, பின்னது நிர்வாகத் தோல்வியின் கதை. இரண்டிலும் விமானம் உண்டு, அரசு உண்டு, பொறியாளர் உண்டு, பயணி இல்லை. ஒரே நகரத்தின் டெம்பெல்ஹோஃப், ஷோனெஃபெல்ட், டேகல் என்ற மூன்று விமான நிலையங்களை மூன்று விதமான மக்கள் ஏன் பயன்படுத்தினார்கள் என்ற கேள்வி இந்தக் கதைகளில் எழுவதேயில்லை.

ஓடுபாதையின் நீளத்தையும் முனையத்தின் அழகையும் விட, விமானத்திலிருந்து இறங்கியவர் நகருக்குள் எந்த வழியாகப் போனார், அந்த வழியில் யார் நின்று எதைக் கேட்டார் என்பதே பெர்லினில் ஒரு விமான நிலையத்தின் பயனைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். இந்தப் பார்வையில் படித்தால், வரலாற்று நூல்கள் ஓரத்தில் ஒதுக்கும் ஷோனெஃபெல்ட் நடுவுக்கு வந்துவிடுகிறது. பெர்லின் மக்கள் டேகல் மீது கொண்ட பற்றும் வெறும் பழம்பெருமை அல்ல என்பது புலப்படுகிறது.

டெம்பெல்ஹோஃபிலிருந்து தொடங்கலாம். 1923 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த விமான நிலையத்துக்கு 1927லேயே சுரங்க ரயில் வந்துவிட்டது. நகரின் அன்றாடப் போக்குவரத்தோடு விமானப் பயணத்தை இணைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்துக்கு மிகப் புதிது. எர்ன்ஸ்ட் ஸாகெபீல் வடிவமைத்து 1936இல் கட்டத் தொடங்கிய, ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள வளைந்த கட்டடம் நாஜி ஆட்சியின் ஆடம்பரத்துக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. கட்டடத்தைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். வான்வழிப் பாலத்தைப் பற்றியும் அப்படியே. ஏறத்தாழ 2,78,000 பறப்புகளில் 23 லட்சம் டன் நிலக்கரியும் உணவும் பிற பொருள்களும் மேற்கு பெர்லினுக்கு வந்தன. அதைத் திரும்பச் சொல்வது இங்கு நோக்கமல்ல.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. 1950களில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்களால் மேற்கு ஜெர்மனிக்குத் தரைவழியே செல்ல முடியவில்லை. சாலையும் ரயில்பாதையும் அவர்கள் தப்பி வந்த நாட்டின் ஊடாகவே சென்றன. மரியன்ஃபெல்டே முகாமில் பதிவு செய்துகொண்டு, டெம்பெல்ஹோஃபிலிருந்து விமானம் ஏறுவதே அவர்களுக்கு இருந்த வழி. விமானப் பயணம் செல்வந்தர்களின் வசதியாக இருந்த காலத்தில், கையில் ஒரு பெட்டியோடு வந்த ஏழைக் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் அங்கிருந்து பறந்தன. தரையில் எல்லைக்காவலர் நின்றதால்தான் வானம் அவர்களுக்கு வழியானது.

அந்த வானமும் முழுச் சுதந்திரமானதல்ல. ஹாம்பர்க், ஹானோவர், ஃபிராங்க்ஃபர்ட் திசைகளில் மூன்று வான்வழித்தடங்கள். ஒவ்வொன்றும் 20 மைல் அகலம். வழக்கமான உயர வரம்பு 10,000 அடி. ஜெட் விமானங்களுக்கு அது மிகத் தாழ்வான உயரம். எரிபொருள் வீணாகும், விமானம் குலுங்கும். அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு நிறுவனங்கள் மட்டுமே அந்தத் தடங்களில் பறக்கலாம். 1926இல் பெர்லினில் தோன்றிய லுஃப்தான்சாவின் பெயரைச் சுமந்த மேற்கு ஜெர்மானிய நிறுவனத்தால் 1990 வரை பெர்லினுக்குப் பறக்க முடியவில்லை. கட்டணச் சுமை மக்களை விமானத்திலிருந்து விலக்கிவிடாதிருக்க, மேற்கு ஜெர்மானிய அரசு 1960களிலிருந்து பெர்லின் பயணச் சீட்டுகளுக்கு மானியம் தந்தது. மேற்கு பெர்லின்வாசிக்கு விமானம் என்பது சோதனைச் சாவடி இல்லாத சாலை. அந்தச் சாலைக்கு அரசு செலவழித்தது.

இனி ஷோனெஃபெல்ட். ஹென்ஷல் விமானத் தொழிற்சாலையின் தளமாக 1930களில் பிறந்த இந்த இடம், பிரிவினைக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் முதன்மை விமான நிலையமானது. அந்நாட்டின் அரசு விமான நிறுவனமான இன்டர்ஃப்ளுக்கின் தாயகம். மேற்கத்திய எழுத்தில் அது சாம்பல் நிறமான, கண்டிப்பான, கிழக்கின் விமான நிலையம். ஆனால் அதன் பயணிகளில் மேற்கு பெர்லின்வாசிகளும் இருந்தார்கள். மேற்கிலிருந்து பேருந்து ஏறி, வால்டர்ஸ்டோர்ஃபர் சாலையிலிருந்த எல்லைச் சாவடியைக் கடந்து, ஷோனெஃபெல்டிலிருந்து குறைந்த கட்டணத்தில் பறக்கலாம். கிழக்கு ஜெர்மனிக்கு மேற்கு மார்க் தேவைப்பட்டது. மேற்கின் எளிய குடும்பங்களுக்கு மலிவான சீட்டு தேவைப்பட்டது. மேற்கு பெர்லினில் உழைத்த துருக்கியத் தொழிலாளர்கள் இஸ்தான்புல்லுக்குப் போக இந்த வழியைப் பயன்படுத்தினார்கள். உலகைப் பிளந்த சுவரைத் தாண்டி, ஊருக்குப் போகும் குடும்பங்கள் பெட்டிகளோடு கம்யூனிச நாட்டு விமானத்தில் ஏறின. பனிப்போர் வரலாற்றின் தடித்த கோடுகளுக்குள் இந்தக் காட்சி அடங்காது. அதனாலேயே அது முக்கியமானது.

தமிழ் வாசகருக்கு ஷோனெஃபெல்ட் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். 1983 ஜூலை வன்செயல்களுக்கு முன்பே தொடங்கி, அதன் பின் பெருகிய ஈழத்தமிழர் வெளியேற்றத்தில், ஜெர்மனிக்கான முதன்மை வாயில்களில் ஒன்று இதுதான். கொழும்பிலிருந்து ஏரோஃப்ளாட்டில் மாஸ்கோ, மாஸ்கோவிலிருந்து ஷோனெஃபெல்ட். அங்கே கிழக்கு ஜெர்மனி ஓர் இடைவழி விசா தரும். அடுத்து எஸ்-பான் என்ற நகர ரயில். பிரீட்ரிச்ஸ்ட்ராசே நிலையத்தில் கிழக்கின் கடைசிச் சோதனை. பின் மேற்கு பெர்லினுக்குப் போகும் நடைமேடை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் அகதி விண்ணப்பம் தரும் உரிமை உள்ள மண். ஏஜென்சிக்காரர்கள் விற்றது, பார்க்கப்போனால், விமானச் சீட்டோடு சேர்ந்த இந்த ரயில் பயணத்தைத்தான்.

இந்த வழி எப்படித் திறந்து கிடந்தது? இங்குதான் வாதத்தின் மையம் இருக்கிறது. பிரீட்ரிச்ஸ்ட்ராசேயின் கிழக்குப் பக்கம் கடுமையான சோதனை நடந்தது. மேற்குப் பக்கம் கடவுச்சீட்டைக் கேட்பாரில்லை. அது கவனக்குறைவு அல்ல. பெர்லின் முழுவதும் நான்கு வல்லரசுகளின் பொறுப்பில் உள்ள ஒரே நகரம், கிழக்கு மேற்குக்கு இடையிலுள்ள கோடு நாட்டெல்லை அல்ல என்பதே மேற்குலகின் சட்ட நிலைப்பாடு. அங்கே ஒரு குடிவரவு மேசையைப் போட்டிருந்தால், சுவரை நாட்டெல்லையாக ஏற்றுக்கொண்டதாகிவிடும். அரசியல் துன்புறுத்தலுக்கு ஆளானோருக்குப் புகலிடம் உண்டு என்று மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டமும் அன்று நிபந்தனையின்றிச் சொன்னது. கிழக்கோ, விமானக் கட்டணத்தில் வரும் அந்நியச் செலாவணியையும், மேற்கின் மீது செலுத்தக்கூடிய அழுத்தத்தையும் ஒருசேரக் கண்டது. இரண்டு அரசுகளின் பிடிவாதங்களுக்கு நடுவில் ஒரு கதவு திறந்து நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்தும், லெபனானிலிருந்தும், ஈரானிலிருந்தும் வந்தவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

அந்தக் கதவை மூடியது பேரம். 1985 கோடையில் இரு ஜெர்மனிகளுக்கிடையிலான வணிகக் கடன் வரம்பு உயர்த்தப்பட்ட வேளையிலேயே, சேருமிட நாட்டின் விசா இல்லாத இலங்கைத் தமிழருக்கு இடைவழி விசா தருவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்தியது. முதலில் அடைபட்டது தமிழரின் வழி என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற நாட்டவர் வந்துகொண்டிருந்தார்கள். 1986இல் மேற்கு ஜெர்மனியில் அகதி விண்ணப்பங்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்தைத் தொட்டன. விண்ணப்பித்தோரில் கணிசமானோர் ஷோனெஃபெல்டில் இறங்கியவர்களே. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் நீண்டது. ஓடுபாதை மாறவில்லை, விமான அட்டவணையும் பெரிதாக மாறவில்லை. வெளியேறும் வழியில் ஒரு முத்திரை கூடுதலாகக் கேட்கப்பட்டது. அதோடு அகதிகளின் வாயிலாக இருந்த ஷோனெஃபெல்டின் பங்கு முடிந்தது.

டேகலின் கதை இதற்கு நேர்மாறான வசதியின் கதை. 1948இல் முற்றுகையின் நடுவே, பெர்லின் மக்களின் கைகளால், மூன்றே மாதங்களில் அதன் முதல் ஓடுபாதை போடப்பட்டது. 2,428 மீட்டர், அன்றைய ஐரோப்பாவில் மிக நீளமானது. 1974இல் திறந்த அறுகோண முனையம், மைன்ஹார்ட் ஃபான் கெர்கானும் அவருடைய கூட்டாளிகளும் இளம் வயதில் வடிவமைத்தது. கார் அறுகோணத்தின் உள்வளையத்துக்குள் சுற்றிவரும். தன் வாயில் எண்ணுக்கு எதிரே இறங்கலாம். சில பத்தடிகளில் பதிவு மேசை, அங்கேயே பாதுகாப்புச் சோதனை, கதவுக்கு அப்பால் விமானம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வண்டி ஏறுவது போன்ற எளிமை. ரயில் மட்டும் கடைசிவரை வரவில்லை. டிஎக்ஸ்எல் என்ற பேருந்தும் 109, 128, எக்ஸ்9 தடங்களும் அந்தக் குறையைச் சுமந்தன.

இந்த எளிமை எங்கிருந்து வந்தது? கட்டடக் கலைஞரின் திறமையிலிருந்து மட்டுமல்ல. மேற்கு பெர்லின் ஒரு தீவு. அங்கே விமானம் மாறி வேறு ஊருக்குப் போவோர் மிகச் சிலரே. வந்தவர் எல்லோரும் பெர்லினுக்கே வந்தார்கள், போனவர் எல்லோரும் பெர்லினிலிருந்தே போனார்கள். ஆகவே இடைமாற்றப் பயணிக்கான பொதுக் கூடம் அந்த அறுகோணத்துக்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வாயிலும் தனித்தனி விமான நிலையம்போல இயங்க முடிந்தது. பிரிவினை ஏற்படுத்திய ஒரு குறையை, நடக்க வேண்டிய தூரத்தைக் குறைக்கும் நன்மையாக மாற்றிய வடிவம் அது. நகரம் ஒன்றிணைந்த பின், விமானம் மாறுபவர் வெளியே வந்து மீண்டும் சோதனைக்கு நிற்க வேண்டிய நிலையில், அதே வடிவம் தடையானது. தொடக்கத்தில் மிகச் சிறிய கூட்டத்துக்கு ஏற்ப வடிவமைத்த அந்த வளாகம், 2019இல் ஏறத்தாழ 2.4 கோடிப் பயணிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஒரே விமான நிலையம் போதும் என்று 1996இல் மத்திய அரசும் பெர்லினும் பிராண்டன்பர்க்கும் உடன்பட்டன. ஷோனெஃபெல்டை விரிவாக்குவது, டெம்பெல்ஹோஃபையும் டேகலையும் மூடுவது. டெம்பெல்ஹோஃப் 2008 அக்டோபரில் மூடப்பட்டது. 2012 ஜூன் 3 அன்று புதிய நிலையம் திறக்க அழைப்பிதழ்கள் போன நிலையில், நான்கு வாரம்கூட இல்லாதபோது, தீத்தடுப்பு அமைப்பு தயாராகவில்லை என்று நிறுத்தினார்கள். பின் எட்டு ஆண்டுகள். முனையத்தின் அடியிலிருந்த ரயில் நிலையத்தில் காற்றோட்டத்துக்காக ஆளில்லா ரயில்கள் ஓடின. 2017இல் டேகலைத் தொடர்ந்து நடத்த வேண்டுமா என்று மக்களிடம் கேட்டபோது, வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆம் என்றார்கள். அந்த வாக்கு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. 2020 நவம்பர் 8 அன்று பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானத்தோடு டேகல் முடிந்தது.

அந்த வாக்கை ஏக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. பெர்லினின் விமானப் போக்குவரத்து இன்றும் பெரும்பாலும் தொடக்க–முடிவுப் பயணமே. நகரில் இடைமாற்ற வலையமைப்பை உருவாக்க முயன்ற ஏர் பெர்லின் 2017இல் நொடித்தது. லுஃப்தான்சா தன் மையங்களை ஃபிராங்க்ஃபர்ட்டிலும் மியூனிக்கிலும் வைத்துக்கொண்டது. 2024இல் ஃபிராங்க்ஃபர்ட் 6 கோடிக்கு மேலும், மியூனிக் 4 கோடிக்கு மேலும் பயணிகளைக் கண்டன; பெர்லின் ஏறத்தாழ 2.5 கோடி. நாட்டின் தலைநகரும் மிகப் பெரிய நகரமும் ஆன ஊர் இது. வாக்களித்தவர்கள் தங்கள் பயணம் எப்படிப்பட்டது என்பதைத் திட்டமிட்டவர்களைவிடச் சரியாக அறிந்திருந்தார்கள். டேகலின் வான்வழிக்குக் கீழே வாழ்ந்த லட்சக்கணக்கானோரின் இரைச்சல் துன்பம் மூடுவதற்குப் போதிய நியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டேகலை மூடுவதற்கான நியாயம், புதிய முனையத்தின் வடிவத்துக்கான நியாயம் ஆகிவிடாது. அறுகோணத்தை வரைந்த அதே நிறுவனமே வரைந்த புதிய முனையத்தில், சோதனை முடிந்ததும் பயணி கடைகளின் ஊடே வளைந்து நடந்துதான் வாயிலை அடைய வேண்டும்.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். புதிய நிலையத்தில் ரயில் முனையத்துக்கு அடியிலேயே நிற்கிறது. டேகலுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைக்காதது இது. ஆனால் நிலையம் பிராண்டன்பர்க் மண்ணில் இருப்பதால் நகரப் பயணச் சீட்டு அங்கே செல்லாது. ஏ, பி மண்டலங்களோடு சி மண்டலத்துக்கும் சீட்டு வாங்க வேண்டும். அறியாமல் ஏறும் வெளிநாட்டவர் அபராதம் கட்டுகிறார்கள். பெர்லினின் ஓர் எல்லை இன்னும் விமான நிலைய வழியில்தான் இருக்கிறது. இப்போது அது கட்டண எல்லை.

ஷோனெஃபெல்டின் பழைய முனையம் புதிய நிலையத்தின் ஐந்தாம் முனையமாகச் சில மாதங்கள் இயங்கி, 2021 பிப்ரவரியில் மூடப்பட்டது. டெம்பெல்ஹோஃபுக்கு நினைவுச்சின்னமும் பூங்காவும் உண்டு. டேகலின் அறுகோணம் புது வாழ்வு பெற்றுவருகிறது. ஷோனெஃபெல்டின் வரலாற்றை அந்த அளவுக்கு யாரும் போற்றவில்லை. கிழக்கு ஜெர்மனியின் வெளியுறவுத் துறைக் கோப்புகளும் அதன் உளவுத்துறையான ஸ்டாசியின் ஆவணங்களும் இன்று ஆய்வாளருக்குத் திறந்துள்ளன. அரசுகள் அந்த வழியை எப்படிப் பார்த்தன என்பதை அவை சொல்லும். நடந்து வந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். 1983க்குப் பின் இருபது வயதில் பிரீட்ரிச்ஸ்ட்ராசேயின் படிகளில் ஏறியவர்கள் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். பெர்லினிலும் ருர் பகுதியிலும் வாழும் அந்தத் தலைமுறையின் வாய்மொழிச் சான்றுகளைத் தமிழிலேயே பதிவு செய்யும் பணியைப் புலம்பெயர் ஆய்வாளர்களும் தமிழ்ப் பல்கலைக்கழகத் துறைகளும் இனியும் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும்.