மேடை வேடமும் திருநீறும்

ஜேடர்பாளையத்து அணையைக் கடந்த காவிரி, தெற்கே சில கல் சென்று, மூவர் பாடல்பெற்ற திருப்பாண்டிக்கொடுமுடியை அடைகின்றது. அவ்வூரிற் பிறந்து நாடகத்தானும் திரைப்படத்தானும் புகழ்பெற்றவர் கே. பி. சுந்தராம்பாள் (1908–1980). நாடக மகளிரின் பழைய உருவப்படங்களைக் கூத்துப்பொருளென்று புறந்தள்ளுதல் நம்மவருட் சிலர்க்கு வழக்கம். இவ்வம்மையார் படங்களையோ அங்ஙனம் தள்ளுதல் ஒல்லாது; அவை வேட வழிபாடு பற்றிய வினாவொன்றை எழுப்புகின்றன.

இவர்தம் கணவராகிய எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், இருபத்தேழாம் அகவையிற் காலமானார். அதன்பின் அம்மையார் அணிகலன்களைத் துறந்து வெண்கதராடை உடுத்தார். ஆடவரோடு இணைந்து நடித்தலையும் ஒழித்தார். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவரே நந்தனாராக ஆண்வேடம் பூண்டமைக்கு ஏது இதுவே. அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளில் நடிகர் எவரும் கேட்டறியாத தொகை.

திருநாளைப்போவாரது கோலம் எளிதிற் புனையத்தக்கதன்று. சேக்கிழார் பெருமான் காட்டும் நாயனார், திருக்கோயிற் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்த தொண்டர். தில்லையில் தீயினின்றும் எழுந்தபோது வெண்ணூலும் சடைமுடியும் உடையர். கொடுமை செய்யும் பண்ணை வேதியர் கோபாலகிருஷ்ண பாரதியார் கூட்டியது, பெரியபுராணத்தில் இல்லை. ஒப்பனை செய்வார் இப்பகுதியை ஒருமுறையேனும் பயிலுதல் நன்று.

இனி வினாவிற்கு வருவாம். சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யடியார் வேடத்தை அரனெனத் தொழுக என்கின்றது. கூலி கருதிப் புனையும் வேடம் அதனுள் அடங்குமோ? அடங்காதெனின், முத்தநாதன் வேடம் பொய்யென்பதை அவன் வாள் காட்டிய பின்னும் மெய்ப்பொருள் நாயனார் அவனைத் தொழுது காத்தது எங்ஙனம்? அதிசூரன் நெற்றியில் நீறு கண்ட ஏனாதிநாதர் போரொழிந்து நின்றதும் காண்க. தொழுவார் அன்பே ஆண்டுப் பயன் தந்தது. ஆகலின் மேடையிற் கண்ட நீற்றினை வணங்குவார் பிழைத்தாரல்லர். அதுகொண்டு நடித்தாரை அடியாரென்று துணிதலும் வேண்டா. நடிப்பு வேறு, நிலை வேறு.

சுந்தராம்பாளிடத்து இவ்வேறுபாடு சுருங்கிற்று. பிறர் ஆட்டம் முடிந்தவுடன் அரிதாரத்தோடு கழுவும் நீறு, இவர் நெற்றியில் மேடைக்கு வெளியேயும் நிலைத்தது. குங்குமம் நீங்கிய கைம்மை நெற்றியை நம் நாடு அமங்கலமென்று ஒதுக்கிவந்தமை அறிவோம். அந்நெற்றியையே பல்லாயிரவர் அரங்குகளிற் கண்டு கைகூப்பினர். 1953-இல் வெளிவந்த 'ஔவையார்' படத்து உருவிலிருந்து கோலையும் மூப்பின் ஒப்பனையையும் நீக்கிவிடின், அவர்தம் ஏனைய உருவப்படங்களோடு பெரிதும் வேற்றுமையில்லை.