பிடி அரிசியில் நின்ற சபை

சாத்தான்குளத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போகிறவர்கள் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தால் போதும், எங்கள் சபையின் வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். முதலூர், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், கடாட்சபுரம், கொஞ்சம் தள்ளி நாசரேத், சாயர்புரம். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை. செம்மண் தேரியும் பனங்காடும் உடைமரமும்தான் இருந்தன.

இந்தப் பக்கத்து உபதேசியார் ஒருவரின் மகள் நான். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்று கேட்டால் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிவிடலாம். என் வயசுக்காரர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வார்கள். அந்த நம்பிக்கையைத் திருநெல்வேலிச் சபை எப்படி வாழ்ந்தது என்று தெரியவேண்டுமானால் நிலப் பத்திரங்களையும் அடுப்படியையும் பார்க்கவேண்டும். சபையைக் கட்டியவர்கள் என்று ஐயர்மார் என்று நாங்கள் சொல்லும் வெள்ளைக்காரக் குருமாரின் பெயர்களை அடுக்குகிறோம். அவர்கள் செய்தது பெரிய காரியம், அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் சபையை நாள்தோறும் நடத்தியது எங்கள் வீட்டுப் பெண்களின் கை. அது எழுத்தில் சரியாக ஏறவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பெயரே ஒரு பெண்ணின் பெயர். தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த ஒரு பிராமண விதவைக்கு சுவார்ட்ஸ் ஐயர் 1778ல் ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்பது அவருடைய ஞானஸ்நானப் பெயர். 1780ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பேர் இருந்தார்கள், தலைப்பெயர் அவருடையது. அவர் முயற்சியில் எழும்பிய கோயிலை 1785ல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரார் இன்றைக்கும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். திருநெல்வேலிச் சபையின் ஆரம்பத்தை எழுதுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அவருக்குப் பிறகு வந்த பெண்களை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள்.

கோட்டைக்குள் பிறந்த சபை கிராமத்துக்கு வந்ததும் சோதனை ஆரம்பமானது. வேதத்தில் சேர்ந்தவன் கோயில் கொடைக்கு வரி கொடுக்க மறுத்தான், தேர் இழுக்க மறுத்தான். நிலமோ மரமோ அவனுடையது இல்லை. பனை ஏறுகிறவன் பெரும்பாலும் அடுத்தவர் மரத்தில்தான் ஏறினான். மரத்துக்காரர் முகம் சுளித்தால் அடுத்த நாள் அடுப்பு எரியாது. சாத்தான்குளத்துப் பக்கம் டேவிட் சுந்தரானந்தம் என்ற வாலிபரின் ஊழியத்தால் சேர்ந்தவர்களின் வீடுகளும் ஜெபவீடும் நெருப்புக்கு இரையாயின. இருந்த இடத்தில் இருக்க முடியாமல்போனபோது, ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் உதவியோடு நிலம் வாங்கி, 1799ல் புது ஊர் ஒன்றை உண்டாக்கினார்கள். அதுதான் முதலூர். இன்றைக்கு மஸ்கோத் அல்வாவுக்காக அங்கே வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு, அது வீடு எரிந்தவர்கள் கூடிக் கட்டிய ஊர் என்பதும் தெரியவேண்டும்.

1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர், நிலம் வாங்கி ஊர் உண்டாக்கும் இந்த வழியை ஒரு முறையாகவே ஆக்கினார். ஜெர்மானியரான அவர் தமிழுக்கு இலக்கணம் எழுதியவர், வேதாகமத்தைத் திருத்தமாக மொழிபெயர்க்க உழைத்தவர். அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது 1830ல் ஏற்பட்ட தர்ம சங்கம். சேர்ந்த பணத்தில் நிலம் வாங்கி, விரட்டப்பட்ட குடும்பங்களை அதில் குடியேற்றி, நேர்த்தெருவாக வீடு கட்டவிட்டு, நடுவில் ஜெபவீடும் பள்ளிக்கூடமும் வைப்பது அதன் வேலை. செத்துப்போன ஊழியர்களின் மனைவிமாருக்கென்று தனியாக ஒரு நிதியும் வைத்தார். குருப்பட்ட விஷயத்தில் ஆங்கிலச் சபையின் முறையோடு முரண்பட்டதால் 1835ல் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷனெரி சங்கமே அவரை விலக்கியது. 1838ல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். தர்ம சங்கம் அவருக்குப் பின்னும் நின்றது.

பிற்பாடு வந்த பெரிய கோபுரங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். மெஞ்ஞானபுரத்தில் ஜாண் தாமஸ் ஐயர் எழுப்பிய கோபுரம் 192 அடி. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் கோயில் கட்டி முடிய 33 வருஷம் ஆனது. அவை இருக்கட்டும், நான் அடுப்படிக்கு வருகிறேன்.

“சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்” என்று எங்கள் முன்னோரைப் பழித்தவர்கள் உண்டு. 1876-78 பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வீச்சில் சேர்ந்தபோது இந்தப் பழி இன்னும் உரத்துக் கேட்டது. பசித்தவன் சோறு கிடைத்த இடத்துக்குப் போனதில் குற்றம் என்ன என்று நான் கேட்பேன். அதைவிட முக்கியமான பதில் ஒன்று இருக்கிறது. பெறத்தான் வந்தார்கள் என்று ஏசப்பட்ட அதே வீடுகளிலிருந்துதான் சபைக்கு அரிசி போனது.

எங்கள் ஆச்சி உலை வைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நாழியால் அரிசியை அளந்து சொளகில் கொட்டுவாள். கல் பொறுக்கி, தவிடு புடைத்து, களைவதற்கு முன்னால் வலது கையால் ஒரு பிடி அள்ளுவாள். அடுப்பு மூலையில் மூடியோடு ஓர் ஓலைப்பெட்டி இருக்கும். பிடி அரிசி அதற்குள் போகும். உதடு லேசாக அசையும். யாருக்காக ஜெபிக்கிறாள் என்று கேட்டதில்லை. அரிசி குறைவாக இருக்கிற நாளில் நான் முகத்தைப் பார்ப்பேன். “ஏட்டி, நமக்குன்னு அளந்ததுல எடுக்கணும். மிஞ்சுனதுல எடுத்தா அது காணிக்கையா?” என்பாள். ஒரு வேளைகூட அந்தக் கை தவறியதாக நினைவில்லை. வீட்டுக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்காகக் கூடுதலாக அளந்தால் அன்றைக்குப் பிடியும் கொஞ்சம் பெரிதாகும்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு கோயிலுக்குப் போவார்கள். பீடத்துக்கு முன்னால் விரித்த பாயில் ஒவ்வொரு வீட்டு அரிசியும் கொட்டப்படும். புழுங்கல், பச்சை, குருணை எல்லாம் ஒரே குவியலாகிவிடும். எது யார் வீட்டது என்று பிரிக்க முடியாது. ஆராதனை முடிந்ததும் அப்பா அதை அளந்து, விற்று, வந்த பணத்தைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுவார். பதநீர்க் காலத்தில், பதநீர் காய்ச்சும் விடிலியிலிருந்து நேராகக் கருப்பட்டி வரும். முதல் தேங்காய், முதல் முருங்கைக்காய், முதல் ஈற்று ஆட்டுக்குட்டி எல்லாம் அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு வரும். ஒரு பூசணிக்காயை அதன் விலைக்குப் பத்து மடங்கு கொடுத்து எடுத்து, மறுபடியும் கோயிலுக்கே ஏலத்துக்குத் தந்துவிட்டுப் போகிறவர்களும் இருந்தார்கள்.

அப்பாவின் சம்பளத்தில் இந்த அரிசிக்குப் பங்கு உண்டு. விடியலில் மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு வினாவிடை சொல்லிக்கொடுப்பது, பனையேறிகள் இறங்கி வந்தபின் சாயங்கால ஜெபம் நடத்துவது, சாவு வீட்டில் இரவெல்லாம் உட்காருவது, ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் பதிவேட்டில் ஏற்றுவது என்று ஓர் உபதேசியாரின் நாள் நிறைந்திருக்கும். பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரம் முழுவதற்கும் ஐயர் ஒருவர். மாதத்தில் ஒரு தடவை வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற நாளெல்லாம் சபையை ஓட்டியது உபதேசியார். உபதேசியாரை ஓட்டியது பெண்களின் பிடி அரிசி.

லண்டனில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக இருந்த ஹென்றி வென், சபை தன் காலில் நிற்கவேண்டும், தன்னைத் தானே ஆளவேண்டும், தானே பரவவேண்டும் என்று கொள்கை வகுத்தவர். புத்தகங்களில் அவருக்கு அத்தியாயம் உண்டு. ஆனால் வெளிநாட்டுப் பணம் இல்லாமல் சபை நிற்கும் என்று காட்டியவை இந்த ஓலைப்பெட்டிகள். 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தபோது, அதன் ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கும் என்று துணிந்து சொல்ல முடிந்தது. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்கு ஊழியர் போனார்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னணியில் நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874ல் வெள்ளாளன்விளையில் ஒரு ஐயரின் மகனாகப் பிறந்தவர். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். கிறிஸ்தவர்கள் கொடுப்பதைப் பற்றியே அவர் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தேரிக்காட்டில் வளர்ந்தவருக்கு அது ஏட்டுப் பாடமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அவர் உழைத்த சபை ஐக்கியம் அவர் இறந்து இரண்டு ஆண்டுக்குப் பின் கைகூடியது. 1947 செப்டம்பர் 27ல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. வேதாகமம், பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், பேராயர் ஊழியம் என்ற நான்கின்மேல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழியில் வந்தவர்கள் ஒன்றானார்கள். எங்கள் ஊரில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்று அப்பா சொல்வார். அரிசி வழக்கம்போல வந்தது.

அந்த அரிசியின் மறுபக்கம் அசனம் என்கிற சபை விருந்து. பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி கோயில் பின்பக்கத்தில் கோட்டையடுப்பு வெட்டுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உள்ளி உரிப்பார்கள், தேங்காய் துருவுவார்கள். ஆண்கள் அண்டாவில் கறியைக் கிண்டுவார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலையாகக் குவித்து, ஐயர் ஜெபம் பண்ணியபின் பந்தி ஆரம்பமாகும். ஊரில் யார் எந்த மதமானாலும் இலை போடுவார்கள். வர முடியாத கிழவிகளுக்குத் தூக்குச்சட்டியில் போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் படித்த வரலாற்றுக்குத் துரோகம். இரேனியஸ் தன் பள்ளிப் பிள்ளைகள் சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் சாப்பிடவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காமல் நின்றார். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833ல் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் பக்கத்தில் பல கிராமங்களில் சபை என்றால் ஒரே சாதி. அடைக்கலம் தேடி ஒன்றாக ஓடிவந்தவர்கள் ஒரே தெருவில் குடியேறினார்கள் என்பது காரணம். அதைச் சமாதானமாக நான் ஏற்கமாட்டேன். விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்தவான்களின் ஐக்கியத்தை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கை செய்துவிட்டு, அடுத்த தெருச் சபையோடு சம்பந்தம் வைக்க மாட்டோம் என்றால், பாயில் ஒரே குவியலான அந்த அரிசிக்கு நாம் பதில் சொல்லியாகவேண்டும்.

இப்போது காணிக்கை கவரிலும் வங்கிக் கணக்கிலும் போகிறது, அதில் தவறில்லை. சேகர மன்றத்தில் இருக்கிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. வருகிற பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்குப் பக்கத்துத் தெருச் சபையாரைப் பந்திக்கு மட்டும் கூப்பிடாதீர்கள், முந்தின ராத்திரி உள்ளி உரிக்கவும் சோறு வடிக்கவும் கூப்பிடுங்கள். சபை வரலாற்று மலர் போடும்போது, ஐயர்மாரின் படங்களுக்குப் பக்கத்தில், பழைய கணக்குப் புத்தகத்தில் பிடி அரிசி கொடுத்ததாக இருக்கிற பெண்களின் பெயர்களையும் ஒன்று விடாமல் அச்சிடுங்கள்.