சிலாங்கூர் மண்ணில் கண்ணாடிப் பாசிமணி

சிலாங்கூரில் பந்திங் வட்டாரத்தைச் சேர்ந்த கம்போங் சுங்கை லாங்கில் 1964ஆம் ஆண்டு இரண்டு வெண்கல முரசுகள் தோண்டி எடுக்கப்பட்டன. மரப்பலகை ஒன்றின் மேல் வைத்து, மண்மேடு எழுப்பி அவற்றை மூடியிருந்தார்கள். முரசுகள் வட வியட்நாமின் டோங்சோன் மரபைச் சேர்ந்தவை. 1944இல் கிள்ளானில் கிடைத்த முரசும் அதே வகைதான். சுங்கை லாங்கில் முரசுகளோடு கண்ணாடிப் பாசிமணிகளும் கிடைத்தன. அவ்வளவு கவனம் அவற்றுக்குக் கிட்டவில்லை. வெண்கலத்தின் பக்கத்தில் கடுகளவு மணி எடுபடுவதில்லை.

தென்கிழக்காசியக் கடற்கரையெங்கும் கிடைக்கும் ஒற்றைநிறச் சிறுமணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். பெரும்பாலானவை 6 மில்லிமீட்டருக்கும் சிறியவை. செம்பினால் சிவந்த மங்கல் கண்ணாடி இவற்றில் பெயர்பெற்றது. உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்கினால் வெட்டுமுனை மழுங்கி மணியாகும். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு, இத்தொழிலின் மிகப் பழைய மையங்களில் ஒன்று.

அங்கிருந்து மணி மட்டும் கப்பலேறவில்லை, தொழிலும் ஏறியது. தென் தாய்லாந்தின் குளோங் தோமிலும் பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் மணி செய்த தடயங்கள் உண்டு. குளோங் தோமில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த உரைகல்லும் கிடைத்திருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கருவியோடு தமிழர் அங்கே நடமாடியதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

மணித்தொழிலே இப்படிக் கடல்கடந்ததால்தான் பழைய மணி சேர்ப்பவருக்குச் சிக்கல். உள்ளூரில் செய்ததும் கடல்கடந்து வந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். போதாக்குறைக்கு, ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் அதே இழுப்பு முறை நம் காலம் வரை நீடித்தது; எனவே வடிவத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது. ஐரோப்பியர் வந்தபின் வெனிஸ் மணிகளும் இக்கடலில் புகுந்தன. கண்ணாடியின் வேதிக்கூறு ஓரளவு துப்புக் கொடுக்கும்: தென்னிந்தியாவில் உருக்கிய சோடாக் கண்ணாடியில் அலுமினா மிகுதி. ஆனால் உருக்கிய கண்ணாடியையே கட்டியாக ஏற்றிச் சென்று வேறிடத்தில் மணியாக்கவும் முடியும் என்பதால், அதுவும் பட்டறை இருந்த ஊரைக் காட்டிக்கொடுக்காது.

கிடைத்த இடமும் மண்ணடுக்கும் பதிவாகாத மணியிலிருந்து ஆய்வாளர் அறியக்கூடியது கொஞ்சமே. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டப்படி, மண்ணில் தொல்பொருள் எதையேனும் கண்டெடுப்பவர் மரபு ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும்.