சப்பிரகமுவச் சரளைமண்ணும் ஆயுதக் களைவும்

இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்தை நினைக்குங்கால் நெஞ்சில் முதலில் தோன்றுவன இரண்டு. ஒன்று, இரத்தினபுரிப் பள்ளத்தாக்குகளின் மாணிக்கக் குழிகள். மற்றொன்று, கேகாலை முதல் இறக்குவானை வரை மலைச்சரிவுகளிற் பரந்து கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள். உலக அரசியலின் பெருவினாக்களுள் ஒன்றான ஆயுதக் களைவுக்கும் இம்மலைப்புறத்துக்கும் தொடர்பு உண்டெனக் கூறின் பலர் வியப்படைவர். ஆயினும் வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்கு அத்தொடர்பு ஒன்றன்று, மூன்று என்பது புலனாகும். அணுவியலின் தொடக்க காலத்துக்கு உதவிய அரியதொரு கனிப்பொருளை இம்மண் அளித்தது. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கக் கோரிய தலைவி இம்மாகாணத்திற் பிறந்தார். சூழற் பாதுகாப்பு என அறிஞர் அவைகளில் ஆராயப்படும் பொருளின் உண்மைத் தன்மையை இச்சரிவுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் தம் வாழ்வாற் காட்டி நிற்கின்றனர். இம்மூன்றும் தனித்தனிச் செய்திகளல்ல. ஒரே வினாவின் மூன்று முகங்கள்.

கனிப்பொருளும் அதனைக் கண்டவரும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றறிஞராகவே தமிழுலகம் பெரிதும் அறியும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய் 1877இற் கொழும்பிற் பிறந்த அவர், இலண்டனிற் பயின்றது புவிச்சரிதவியல் என்பதும், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் முதல் இயக்குநராக விளங்கினார் என்பதும் பலராற் பேசப்படுவதில்லை. அக்காலத்தில் அவர் ஓடைகளையும் மலைகளையும் கால்நடையாய்ச் சென்று ஆராய்ந்தார். 1904இற் பலாங்கொடைப் பகுதியின் மாணிக்கச் சரளையிற் கருநிறமும் கனசதுர வடிவும் மிக்க பாரமும் உடைய மணிகள் அவர் கவனத்தை ஈர்த்தன. மாணிக்கம் தேடிக் கூடையிற் சரளையை அரிப்போர்க்கு அவை பயனற்ற கருங்கற்களே. இலண்டன் இம்பீரியல் நிறுவகத்தில் வின்தம் டன்ஸ்டன் என்பார் அவற்றைப் பகுத்தாய்ந்தபோது, தோரியம் ஒட்சைட்டு நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேற் செறிந்த புதுக் கனிப்பொருள் அது எனத் தெரிந்தது. 'தோரியனைற்று' என அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. வாயு விளக்குகளின் ஒளிவலை செய்யத் தோரியம் இன்றியமையாததாக இருந்த காலம் அது. ஆதலின் வணிகரும் அதனை நாடினர்.

வணிகரினும் அறிவியலாளர்க்கே அக்கனிப்பொருள் பெரும்பயன் தந்தது. இலண்டனில் இரசாயனவியற் பேராசிரியராயிருந்த சேர் வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு 1904இல் இளைஞர் ஒருவர் யேர்மனியிலிருந்து வந்தார். அவர் பெயர் ஒட்டோ ஹான். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த பேரியம் உப்பை அவரிடம் கொடுத்து, அதிலுள்ள இரேடியத்தைத் தூய்மையாக்குமாறு இராம்சே பணித்தார். அப்பணியின்போதே முன்னர் அறியப்படாத கதிர்வீசு பொருளொன்றை ஹான் 1905இற் கண்டார்; அதற்கு இரேடியோதோரியம் எனப் பெயரிட்டார். சேதன இரசாயனம் பயின்று கைத்தொழிற் பணியை நாடியிருந்த அவ்விளைஞரைக் கதிர்வீசலாராய்ச்சிக்கு ஆட்படுத்தியது அவ்வெற்றியே. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1938 டிசெம்பரில், அவரும் பிரிற்ஸ் ஸ்ராஸ்மனும் பேர்லினில் நிகழ்த்திய பரிசோதனையில் யுரேனிய அணுக்கரு பிளவுபடுதல் வெளிப்பட்டது. லீசே மைட்னரும் ஒட்டோ பிறிஷ்ஷும் அதன் பௌதிகப் பொருளை விளக்கினர். அடுத்த ஏழாண்டுக்குள் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன.

பலாங்கொடைக் கருங்கல்லே அணுகுண்டுக்குக் காரணம் எனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அக்கல் இல்லையேல் வேறொரு கல் உதவியிருக்கும்; ஹான் இல்லையேல் வேறொருவர் கண்டிருப்பார். ஆயினும் அறிவின் சங்கிலி எத்துணைத் தொலைவு நீள்வது, அதன் முதற்கணுவைத் தொட்டவர் கடைக்கணுவைக் காணுதல் எத்துணை அரிது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. கனிப்பொருளைக் கண்ட குமாரசுவாமி 1906இல் அப்பதவியை விடுத்து, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கைத்தொழில் நாகரிகம் மனிதனைச் சிறுமைப்படுத்துவதை வாழ்நாள் முழுதும் கண்டித்தார். ஹானோ 1945 ஓகத்தில் இங்கிலாந்திற் காவலில் இருந்தபோது ஹிரோஷிமாச் செய்தி கேட்டு, அத்தனை உயிர்களின் அழிவுக்குத் தாமும் பொறுப்பாளி எனக் கலங்கினார்.

அறிஞர் கூடிய அவைகள்

அக்கலக்கம் ஒருவருக்கு மட்டும் உரியதாய் நின்றுவிடவில்லை. 1955 யூலை 9ஆம் நாள் பேட்றண்ட் றசலும் ஐன்ஸ்டைனும் உள்ளிட்ட பதினொருவர் கையொப்பமிட்ட அறிக்கை இலண்டனில் வெளியிடப்பட்டது. ஆறு நாட்கள் கழித்து, ஹான் முன்னின்ற மைனவ் அறிக்கையில் நோபெற் பரிசு பெற்ற பதினெண்மர் கையொப்பமிட்டனர். அறிக்கை விடுதல் எளிது. எதிரணி நாடுகளின் அறிவியலாளரை ஓரிடத்தில் அமர்த்துதலே அரிது. அதற்கென முதற் கூட்டத்தை 1957 தொடக்கத்திற் புதுடில்லியில் நடத்தத் திட்டமிட்டனர். சுயஸ் கால்வாய் நெருக்கடி அதனைத் தடுத்தது. அவ்வாண்டு யூலையிற் கனடாவின் பக்வாஷ் என்னும் சிற்றூரிற் பத்து நாடுகளைச் சேர்ந்த இருபத்திரு அறிவியலாளர் கூடினர். அதனாற் பக்வாஷ் என்னும் பெயரே அவ்வியக்கத்துக்கு நிலைத்தது. அணுகுண்டுத் திட்டத்தினின்று 1944இல் மனச்சான்றின்படி விலகிய யோசேப்பு ரொட்பிளாட் அதன் உயிர்நாடியாய் விளங்கினார். 1995இல் அவருக்கும் அவ்வியக்கத்துக்கும் நோபெற் சமாதானப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இத்தகைய அவைகளின் பயன் யாது? அரசர் இருவர் வாளை உறையிலிட உடன்படினும், மற்றவன் உறையினுள் வாள் இருக்கின்றதா எனச் சோதிக்கும் வழி இல்லையேல் உடன்படிக்கை நிலையாது. நிலத்தடியில் வெடிக்கும் குண்டையும் இயற்கை நிலநடுக்கத்தையும் வேறுபிரித்து அறிவது எங்ஙனம் என்பதே அக்காலத்தின் தலையாய வினா. அது தூதுவரால் விடுவிக்கத்தக்கதன்று, நிலநடுக்கவியலாளராலேயே விடுவிக்கத்தக்கது. 1958இற் செனீவாவில் இருதரப்பு வல்லுநரும் கூடி அதனை ஆராய்ந்தனர். விடை முழுமையுறாமையால், 1963இல் மொஸ்கோவிற் கைச்சாத்தான உடன்படிக்கை வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரடியிலும் மட்டுமே பரிசோதனைகளைத் தடுத்தது, நிலத்தடி விடுபட்டது. அறிவியல் எங்கு நின்றதோ அங்கேயே அரசியலும் நின்றது. 1996இல் முழுத்தடை உடன்படிக்கை வகுக்கப்பட்டபோது நிலநடுக்கம், நீரொலி, தாழொலி, கதிர்வீசு துகள் ஆகிய நால்வகைச் சான்றுகளையும் திரட்ட உலகெங்கும் 337 நிலையங்களும் ஆய்வுகூடங்களும் அடங்கிய வலையமைப்பொன்று திட்டமிடப்பட்டது. அணுவாயுத நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளின் ஒப்புதல் கிட்டாமையால் அவ்வுடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வலையமைப்போ பெரும்பாலும் இயங்கி வருகின்றது.

பனிப்போர் முடிந்தபின் இவ்வவைகளின் பொருள் விரிந்தது. வட அத்திலாந்திக்கு ஒப்பந்த அமைப்பின் அறிவியற் பிரிவு 1990களில் முன்னாட் பகை நாடுகளின் ஆராய்ச்சியாளரையும் அழைத்து நடத்திய பயிலரங்குகளில் ஆயுதக் களைவுத் தொழினுட்பம் ஒரு துறையாகவும், சூழல் மற்றொரு துறையாகவும் வகுக்கப்பட்டன. நச்சு வாயுக் குண்டுகளை அழிப்பது எவ்வாறு, படைத்தளங்கள் மாசுபடுத்திய மண்ணை மீட்பது எவ்வாறு என்னும் வினாக்கள் அங்கு எழுந்தன. ஆயுதத்தைச் செய்வதிலும் அதனைத் தீங்கின்றி அழிப்பது கடினம் என்பதை அறிஞர் அப்போதே முழுமையாய் உணர்ந்தனர்.

தென்னாசியா இவ்வியக்கத்திற் பார்வையாளராய் மட்டும் இருக்கவில்லை. பக்வாஷ் மாநாடு 1964இல் உதயப்பூரிலும் 1976 சனவரியிற் சென்னையிலும் கூடிற்று. கும்பகோணத்திற் பிறந்த வேளாண்மை அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 2002 முதல் 2007 வரை அதன் தலைவராயிருந்தார். அவருக்குப்பின் 2017 வரை அப்பதவியை வகித்தவர் இலங்கையரான ஜயந்த தனபால. நெல்லையும் கோதுமையையும் ஆராய்ந்த ஒருவர் அணுவாயுத எதிர்ப்பு அவைக்குத் தலைமை தாங்கியமை தற்செயலன்று. பசியின்மையும் பாதுகாப்பின் பகுதியே என்னும் கருத்து அவ்வவையில் வேரூன்றியதன் அடையாளம் அது.

சிறு நாட்டின் குரல்

ஆயுதமில்லா நாடு ஆயுதக் களைவு பற்றிப் பேசுவதாற் பயன் என்ன எனக் கேட்போர் உளர். இலங்கையின் வரலாறே அதற்கு விடை. 1916இல் இரத்தினபுரி மாவட்டத்திற் பிறந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா, தலைமை அமைச்சராயிருந்த காலத்தில் இந்து சமுத்திரத்தை வல்லரசுகளின் படைப்போட்டி இல்லாத சமாதான வலயமாக்க வேண்டுமென வற்புறுத்தினார். 1971 டிசெம்பர் 16ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அத்தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு வாக்குகள் 61, எதிர்ப்பு இல்லை, வாக்களியாதிருந்தோர் 55. அவ்வைம்பத்தைவருள் வல்லரசுகளும் அடங்கினமையாற் பயன் குன்றிற்று. 1981இற் கொழும்பிற் கூடவிருந்த மாநாடு இறுதிவரை கூடவேயில்லை. ஆயினும் அக்குரல் அவிந்துவிடவில்லை. அணுவாயுதப் பரவற்றடை உடன்படிக்கையை மீளாய்ந்து நீடித்த 1995ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தனபால தலைமை தாங்கினார். அணுவாயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கையில் 2023இல் இலங்கை இணைந்தது.

இவ்வரிசையில் நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரியின் பணி தனிச்சிறப்புடையது. அணுவாயுதப் பயன்பாடு சட்டத்துக்கு ஏற்புடையதா என்னும் வினாவுக்கு அனைத்துலக நீதிமன்றம் 1996 யூலை 8ஆம் நாள் கருத்துரை வழங்கியபோது, நாட்டின் உயிர்நிலைக்கே ஆபத்து வரும் தறுவாய் பற்றிப் பெரும்பான்மையோர் முடிவு கூறாது விட்டனர். வீரமந்திரியோ எந்நிலையிலும் அது சட்டத்துக்கு மாறானதே எனத் தனித்து எழுதினார். எதிரியின் குலத்தையே அழிக்கும் படைக்கலத்தை ஏவலாகாது என இராமபிரான் இலக்குவனைத் தடுத்தமையையும், பாசுபதாஸ்திரத்தைப் பெற்றிருந்தும் அருச்சுனன் அதனைப் பயன்படுத்தாது அடங்கியமையையும் அவர் அவ்வுரையிற் சான்றாக எடுத்தாண்டார். நம் சிறார் கோயில் மண்டபங்களிற் கேட்டு வளரும் கதைகள் உலக நீதிமன்றத்தின் ஏட்டிலும் இடம்பெற்றன. ஆற்றல் உடையவன் அதனை அடக்குவதே அறம் என்னும் நெறி ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று என்பதே அவர் காட்ட விழைந்தது.

யாருடைய பாதுகாப்பு?

இனி, சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு மீள்வது பொருத்தமாகும். சமாதான வலயம் கோரிய அதே தலைவியே 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார். அதன்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் வகுக்கப்பட்டது. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பல, தலைமன்னாரிற் கப்பலேறிப் பிரிந்தன. கடலுக்குச் சமாதானம் கேட்கப்பட்டது; அக்கடலைக் கடந்தோர்க்கு அது கிட்டவில்லை. தலைவியின் உலகப்பணியை இது பொய்யாக்காது. ஆயினும் பாதுகாப்பு என்னும் சொல் நாட்டின் எல்லையில் நின்றுவிடின் எத்துணைக் குறையுடையதாகும் என்பதை இது காட்டும்.

மலைச்சரிவின் இடர் அதனினும் அண்மையது. காடழித்துப் பயிரிட்ட சரிவுகளில், பெருமழை மண்ணுள் ஊறிப் பாரமேறும்போது நிலம் வழுக்கி இறங்குகின்றது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பேரழிவுற்றது. 2017 மே மாதத்தில் அது மீண்டும் நேர்ந்தது. இடையில், 2016 மே 17ஆம் நாள், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையொன்று சரிந்து ஊர்களை மூடிற்று. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. சரிவில் வீடமைத்தது அங்கு வாழ்ந்தோரின் தெரிவன்று. லயம் எங்கிருந்ததோ அங்கேயே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ நேர்ந்தது; வேறிடம் செல்ல அவர்க்குச் சொந்தமாய் நிலம் இல்லை. அவர்க்குப் பகை எல்லை கடந்து வரும் படையன்று. தலைமேல் நிற்கும் மலையே.

இவ்விடத்தில் ஆயுதக் களைவு அறிவியலும் சூழற் பாதுகாப்பும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. குண்டுவெடிப்பைக் கேட்பதற்கென அமைத்த நிலநடுக்க வலையமைப்பு, 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளுக்குப் பின்னர், ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையங்களுக்கும் தன் தரவுகளை வழங்கலாயிற்று. பகைவரை ஐயுற்று வைத்த செவி, கடலின் சீற்றத்தையும் கேட்க உதவிற்று. இலங்கையிற் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு இடர் உள்ள பகுதிகளை வரைபடமாக்கி, மழைக்காலத்தில் எச்சரிக்கை விடுத்து வருகின்றது. ஆயினும் எச்சரிக்கை கேட்டு எழுந்து செல்வோர்க்குச் செல்லுமிடம் ஒன்று வேண்டும். கருவி அறிவிக்கும், நிலம் அளிப்பது அரசின் கடன், அதனை வற்புறுத்துவது கற்றோரின் கடன்.

பலாங்கொடை ஓடையிற் கருங்கல் ஒன்றைக் கண்ட நாளிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்துவிட்டது. அக்காலத்தில் அறிவு மேல்நாட்டு ஆய்வுகூடத்துக்கும், கூலி தோட்டக் கணக்கேட்டுக்கும் சென்றன. சரளையை அரித்த கைகளுக்கு இரண்டிலும் பங்கு சிறிதே. அனைத்துலக அறிஞர் அவைகள் பேரழிவைத் தடுக்க முயல்வது போற்றத்தக்கது. அம்முயற்சியின் வெற்றியை அளக்கும் கோல் ஏவுகணைகளின் எண்ணிக்கை மட்டுமன்று. மழையிரவொன்றிற் சப்பிரகமுவ லயத்திற் குழந்தையை உறங்கவைக்கும் தாய் அச்சமின்றித் தானும் உறங்குவாளாயின், அன்றே பாதுகாப்பு என்னும் சொல் தன் முழுப்பொருளைப் பெறும். விஞ்ஞானம் பயிலும் மாணவர் தம் கல்வியின் பயனை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பாராக.